காலித் தோட்டாவை எத்தனை முறை நிரப்பலாம்? கேள்வியிலேயே ஒரு தவறு

அமெரிக்காவில் ரைஃபிள் வைத்திருக்கும் பலர் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தரையில் விட்டுவிட்டு வருவதில்லை. பொறுக்கி வந்து வீட்டிலேயே புது பிரைமர் (அடியில் பொருத்தும், தட்டினால் தீப்பொறி தரும் சின்னக் கிண்ணம்), வெடிமருந்து, குண்டு போட்டு மறுபடி தோட்டாவாக்குகிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். புதிதாக இறங்குபவர் முதலில் கேட்பது, ஒரு கூடு எத்தனை தடவை தாங்கும் என்பதைத்தான். “அஞ்சு தடவை, அப்புறம் தூக்கிப் போடு” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணை நம்புவதுதான் முதல் தவறு. ஒரே பெட்டியில் வாங்கிய கூடுகள் ஒரு துப்பாக்கியில் மூன்றே தடவையில் போய்விடும், இன்னொன்றில் பத்துக்கு மேலும் ஓடும்.

சுடும்போது கூட்டின் மெல்லிய சுவர் சேம்பரோடு, அதாவது துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையோடு, ஒட்டிக்கொள்ளும், தடித்த அடிப்பாகம் மட்டும் பின்னால் தள்ளப்படும். இரண்டும் சேரும் இடம், அதாவது அடியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்குள், இழுபட்டு மெலியும். அதன்பின் டையில், அதாவது கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சில், கொடுத்து அளவுபடுத்தும்போது தோள்பட்டையை (கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவை) ரொம்பக் கீழே இறக்கினால், அடுத்த வெடிப்பில் அதே இடம் இன்னும் நீளும். கடைசியில் வளையமாக அறுந்து, அடி தனியாக வெளியே வரும், உடல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயவும் வாய்ப்பு உண்டு. டையைக் கூட்டின் அடியைப் பிடிக்கும் தாங்கியில் முட்டும்வரை இறக்கி இன்னும் ஒரு கால் சுற்று திருகும் பழக்கம் இதற்குத்தான் வழி செய்கிறது. கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்குத் தோள்பட்டை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 2 பங்கு இறங்கினால் போதும். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள்களில் சேம்பர் தாராளமாகக் குடையப்பட்டிருக்கும், அதனால் அவற்றின் கூடுகள் சீக்கிரமே செத்துப்போகும். குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் அளவுபடுத்துபவர்களுக்குக் கூடுதல் ஆயுள் கிடைக்கிறது.

அடிக்கு மேலே பளபளக்கும் கோட்டைப் பார்த்ததும் பயந்து எறிவதும் ஒரு தவறு. டை முடியும் இடத்திலும் அப்படி ஒரு கோடு விழும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்துத் தீட்டிக்கொள்ளுங்கள். அதைக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை உரசியபடி மேலே இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. பள்ளத்தில் விழுந்ததுபோல் நுனி ‘டக்’கென்று மாட்டினால் அந்தக் கூடு முடிந்தது.

கழுத்தில் கீறல் விட்டால் தூக்கிப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். அதைத் தள்ளிப்போடக் கழுத்தைச் சூடாக்கி இளக்குவார்கள். அந்தச் சூடு அடிவரை போய்விட்டால்தான் ஆபத்து. இளகிய அடியை மறுபடி சூடாக்கியோ குளிர்வித்தோ இறுக்க முடியாது. பிரைமர் அழுத்தமே இல்லாமல் உள்ளே போனாலும் கூடு முடிந்தது. அப்படி ஆனால் மருந்தின் அளவு அதிகமா என்றும் பாருங்கள். கூட்டின் நீளத்தையும் அளந்து பாருங்கள்: .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கு உச்சம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் வெட்டிக் குறைக்கலாம், எறிய வேண்டியதில்லை.

பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பாலிஷ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் பல விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் விளக்கப்பட்டது. அதே அம்மோனியாவைத்தான் இவர்கள் காசு கொடுத்து வாங்கித் தடவுகிறார்கள்.

கழித்த கூட்டின் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போடுங்கள். நசுக்காமல் மேசையில் வைத்தால், அடுத்த வாரம் நல்ல கூடுகளின் டப்பாவில் அது உட்கார்ந்திருக்கும். ஒன்றில் பள்ளம் தெரிந்தால், அதே தொகுதியில் மிச்சமுள்ள அத்தனையையும் கம்பி விட்டுப் பாருங்கள்.