6 செ.மீ. ஆரமும் 8 செ.மீ. உயரமும் கொண்ட அட்டைக் கூம்பைச் செய்யும் முறை

அடிப்பக்க ஆரம் 6 செ.மீ., உயரம் 8 செ.மீ. கொண்ட கூம்பு ஒன்றைச் செய்துவருமாறு என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு சார்ட் அட்டைகளை நான் வீணாக்கிய பிறகு, மூன்றாவது அட்டையில்தான் அது சரியாக வந்தது. ஆரம், விட்டம், சுற்றளவு ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு நேரே செய்முறைக்கு வருகிறேன்.

முதலில், வட்டக்கோணப்பகுதியின் ஆரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கூம்பை வெட்டி விரித்தால் கிடைப்பது முக்கோணமன்று, வட்டத்தின் ஒரு பகுதி. என் முதல் அட்டை பாழானது இங்கேதான். உயரம் 8 செ.மீ. என்பதால் கவராயத்தை 8 செ.மீ. விரித்து, 270° பகுதியை வெட்டிச் சுருட்டினேன். அடிப்பக்கத்துக்காக வெட்டி வைத்திருந்த வட்டத்தின்மேல் அது கச்சிதமாகப் பொருந்தியதால் பிழை கண்ணில் படவே இல்லை. அளவுகோலை அருகில் நிறுத்திப் பார்த்தபோதுதான் உயரம் ஏறத்தாழ 5.3 செ.மீ. மட்டுமே இருப்பது தெரிந்தது. நாம் வெட்டும் ஆரம், உச்சியிலிருந்து விளிம்புவரை சரிவாக இறங்கும் சாயுயரமாக மாறுகிறதே தவிர, கூம்பின் நடுவே செங்குத்தாக நிற்கும் உயரமாக மாறுவதில்லை. ஆரமும் உயரமும் செங்கோணத்தில் சந்திக்க, சாயுயரம் அந்தச் செங்கோண முக்கோணத்தின் நீளமான பக்கமாக, அதாவது கர்ணமாக அமைகிறது. கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம்: 6² + 8² = 36 + 64 = 100, இதன் வர்க்கமூலம் 10; ஆகவே கவராயத்தை 10 செ.மீ. விரிக்க வேண்டும்.

அடுத்தது மையக்கோணம், அதாவது வெட்டும் பகுதி வட்டத்தின் மையத்தில் அமைக்கும் கோணம். வெட்டிய பகுதியின் வளைந்த விளிம்பான வில், சுருட்டியபின் அடிப்பக்கத்தின் சுற்றளவாகிறது என்பதால், ஆரத்தைச் சாயுயரத்தால் வகுத்து 360-ஆல் பெருக்கினால் போதும்: 6 ÷ 10 × 360 = 216°. பயிற்சிக்கு வேறு அளவு எடுப்பவர்கள் ஆரம் 5, உயரம் 12, சாயுயரம் 13 என்ற புகழ்பெற்ற மூன்றைத் தவிர்ப்பது நல்லது. அதில் கோணம் 138.46° என்று வந்து எரிச்சலூட்டும்.

வடிவியல் பெட்டியில் உள்ள கோணமானி 180° வரைதான் காட்டும். எனவே 360-லிருந்து 216-ஐக் கழித்து, மீதமுள்ள 144°-ஐக் குறித்து அந்தப் பகுதியை நீக்கிவிட வேண்டும். கோணமானியின் உள்வரிசைக்குப் பதிலாக வெளிவரிசையைப் படித்து, 144°-க்கு மாறாக 36°-ஐ நீக்கியதால் என் இரண்டாவது அட்டை 9 செ.மீ. ஆரமுள்ள தட்டையான மூடிபோல் ஆயிற்று. நீக்கும் பகுதி விரிகோணமாக இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள்.

வெட்டிய அட்டையை மேசை விளிம்பில் மெல்ல இழுத்து வளைத்துக்கொண்டால் மடிப்பு விழாது. கவராயத்தில் திருகு வைத்ததையே நான் விரும்புகிறேன். மலிவானவை பாதி வட்டத்திலேயே விரிந்துவிடுகின்றன. ஒட்டுவதற்குத் திரவப் பசையைவிடக் குச்சிப் பசை மேல், ஏனெனில் அது அட்டையை நனைப்பதில்லை.

பிற்சேர்க்கை 1: தங்கள் கூம்பின் அடிப்பக்கம் சற்றுச் சிறுத்துவிட்டதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தனர். ஒட்டும் விளிம்பை 216°-க்குள்ளேயே எடுத்துக்கொண்டதுதான் காரணம். வில்லில் 1 செ.மீ. ஒட்டுக்குள் போனால் ஆரம் ஏறத்தாழ 5.84 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். ஒட்டும் விளிம்பை, நீக்கப்போகும் 144° பக்கத்தில் கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

பிற்சேர்க்கை 2: கன அளவை ஒப்பிட, அதே ஆரமும் உயரமும் கொண்ட உருளையைச் செய்ய முயன்றவர்களுக்கு ஏ4 தாள் போதவில்லையாம். கூம்புக்கு 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம் போதும் என்பதால் 21 செ.மீ. அகலமுள்ள அந்தத் தாளில் அது அடங்கிவிடுகிறது, உருளைக்கோ 37.7 செ.மீ. நீளம் வேண்டும், தாளின் நீளம் 29.7 செ.மீ. மட்டுமே. இரண்டு தாள்களை இணைக்கலாம், அல்லது சார்ட் அட்டையில் வெட்டலாம். பிறகு கூம்பில் ரவையை நிரப்பி, விளிம்பை அளவுகோலால் மட்டம் தட்டி உருளைக்குள் கொட்டுங்கள்; மூன்றாவது முறை கொட்டும்போது உருளை நிரம்பும்.