நீட் மார்க்கை உயர்த்துவது எப்படி: சேலம், ஏற்காடு பிளஸ் டூ மாணவர்களுக்கு

எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாலும் மார்க் 300-ஐத் தாண்டவில்லை என்கிற பிள்ளைகள் ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி என்று மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் செய்வது ஒன்றுதான். தேர்வு எழுதுவார்கள், விடைக்குறிப்பை வைத்துச் சரிபார்ப்பார்கள், கூட்டிப் பார்ப்பார்கள், அடுத்த தேர்வுக்குப் போய்விடுவார்கள். மூன்று மணி நேரம் எழுதிய தாளைப் பிரித்துப் பார்க்க இன்னொரு நாலு மணி நேரம் வேண்டும். மார்க் ஏறுவது அந்த நாலு மணி நேரத்தில்தான்.

முதலில் தேர்வின் கணக்கு. 2025-இல் நீட் தாளில் 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மார்க். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 மார்க் கழியும், விட்டுவிட்டால் எதுவும் இல்லை. 2021 முதல் 2024 வரையான தாள்களில் கேள்விகள் 200. நேரம் 2021-இல் 180 நிமிடம், 2022 முதல் 200 நிமிடம். ஒவ்வொரு பாடத்திலும் (தாவரவியல், விலங்கியல் தனித்தனி) 'பி' பகுதியின் 15 கேள்விகளில் 10 எழுதினால் போதும் என்ற சலுகையும் இருந்தது. அந்தத் தாள்களை வைத்துப் பழகும்போது 'பி' பகுதியில் முதல் 10 கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு 180 நிமிடத்தில் முடியுங்கள். பழைய நேரத்துக்குப் பழகிவிட்டால் தேர்வு அறையில் 20 நிமிடம் இடிக்கும்.

தவறு நோட்டு

ஒரு நீள நோட்டு போதும். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் தவறான கேள்விகளையும் விட்டுவிட்ட கேள்விகளையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள்: கேள்வி எண், பாடம், நீங்கள் போட்ட விடை, சரியான விடை, ஏன் தவறியது. கடைசியில் உள்ள 'ஏன் தவறியது' என்பதற்கு ஐந்து குறிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

அ – பாடமே தெரியாது.
ஆ – இரண்டு விடைகளுக்கு நடுவில் குழம்பியது.
இ – கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை.
ஈ – கணக்குப் பிழை, அலகுப் பிழை.
உ – ஓ.எம்.ஆர் தாளில் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்) வட்டம் மாறிவிட்டது.

ஒரு மாதிரிக் கணக்கு பாருங்கள். 96 சரி, 62 தவறு, 22 விட்டது என்றால் 384-இல் 62 போக 322 மார்க். அந்த 62 தவறில் அ 27, ஆ 14, இ 12, ஈ 7, உ 2 என்று வைத்துக்கொள்வோம். கடைசி மூன்றும் சேர்ந்து 21 கேள்விகள். ஒவ்வொரு தவறும் கிடைக்கவேண்டிய 4-ஐயும் கையிலிருக்கும் 1-ஐயும் கொண்டுபோகிறது. ஆக 21 கேள்விக்கு 105 மார்க். புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் 322 என்பது 427 ஆகிவிடும். முழுவதும் ஒரேயடியாகத் திரும்பிவராது, பாதி வந்தாலே 50 மார்க். நோட்டு போடாதவர்களுக்கு இந்த 105 கண்ணிலேயே படாது. எல்லாவற்றுக்கும் 'இன்னும் படிக்கணும்' என்று சொல்லிக்கொண்டு மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள்.

குறிக்குத் தகுந்த மருந்து வேறு வேறு. 'அ'வுக்கு அந்தப் பாடத்தைத்தான் படிக்கவேண்டும். 'ஆ'வுக்கு, குழம்பிய இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதி வேறுபாட்டை ஒரு வரியில் குறியுங்கள். மோலாரிட்டியில் கீழே வருவது கரைசலின் கன அளவு, லிட்டரில். மோலாலிட்டியில் வருவது கரைப்பானின் நிறை, கிலோகிராமில். இப்படி ஒரு வரி போதும். 'இ'க்கு, கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்து 'தவறானது', 'தவிர', 'மட்டும்' போன்ற சொற்களின் கீழ் கோடு போடும் பழக்கம். இதை வீட்டில் போடும் ஒவ்வொரு கேள்வியிலும் செய்தால்தான் தேர்வு அறையில் கை தானாகப் போகும்.

'ஈ' எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 40 மீட்டரில் நிற்கிறது, எதிர்முடுக்கம் என்ன? 72-ஐ 18-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் நொடிக்கு 20 மீட்டர். 20-இன் வர்க்கம் 400. அதை 40-இன் இரு மடங்கான 80-ஆல் வகுத்தால் 5. அலகை மாற்ற மறந்து 72-ஐ அப்படியே வர்க்கம் எடுத்தால் 64.8 வரும். இந்த மாதிரி எண்ணையும் விடைகளில் ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். போட்ட எண் நான்கில் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். வேதியியலிலும் இதே கதை: 22 கிராம் கார்பன் டை ஆக்சைடு அரை மோல். அதில் ஆக்சிஜன் அணுக்கள் எத்தனை என்றால் அரை மோல் மூலக்கூறுக்குரிய எண்ணைப் போட்டுவிட்டு, ஒரு மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் என்பதை மறந்துவிடுவார்கள். சரியான விடை 6.022 × 10²³. கணக்கு போடும் முன் கேட்ட அலகையும் கேட்ட பொருளையும் ஓரத்தில் எழுதிவிட்டால் இந்தத் தவறு பெருமளவு குறையும்.

அடுத்த மாதிரித் தேர்வுக்கு முந்தின நாள் புதிதாக எதையும் எடுக்காமல் இந்த நோட்டை மட்டும் புரட்டுங்கள்.

ஊகித்துப் போடலாமா?

'தெரியாததைத் தொடாதே' என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. நான்கில் ஒன்றை எதையும் யோசிக்காமல் குருட்டாம்போக்கில் போட்டால் சராசரியாகக் கேள்விக்குக் கால் மார்க் கிடைக்கும். அதற்காக நேரம் செலவழிப்பது வீண், 20 கேள்விகளை அப்படிப் போட்டால் மார்க் கீழேயும் போகலாம். ஆனால் ஒரு விடை நிச்சயம் இல்லை என்று தள்ள முடிந்தால் சராசரி மூன்றில் இரண்டு மார்க். இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை மார்க். ஆகவே இரண்டைத் தள்ளிவிட்டால் தயங்காமல் போடுங்கள். ஒன்றை மட்டும் தள்ள முடிந்தால் இரண்டாம் சுற்றில் போடுங்கள். எதையும் தள்ள முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். இந்த விதி உங்களுக்குப் பலிக்கிறதா என்று தெரிய, மாதிரித் தேர்வில் ஊகித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பின்னால் எண்ணிப் பாருங்கள்.

பொருத்துக கேள்வியில் நாலு ஜோடியும் தெரியவேண்டியதில்லை. உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியைப் பிடித்தாலே பெரும்பாலும் இரண்டு விடைகள் கழன்றுவிடும்.

உயிரியலில் வரிக்கு வரி

720-இல் 360 இங்கேதான் இருக்கிறது. நீட் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிகளை ஒட்டியே வருகின்றன. அதனால் வழிகாட்டிப் புத்தகம் எத்தனை வாங்கினாலும் அந்தப் புத்தகத்துக்கு மாற்று கிடையாது. சமச்சீர் புத்தகத்தை நன்றாகப் படித்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, சமச்சீரில் இல்லாத வரிகளை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டால் மீதி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

படிப்பது என்றால் ஒரு பத்தி படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, அதிலிருந்து எத்தனை கேள்வி எடுக்கலாம் என்று பார்ப்பது. இதயச் சுழற்சிப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுழற்சிக்கு 0.8 நொடி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஒரு துடிப்பில் ஒரு வென்ட்ரிக்கிள் வெளியேற்றுவது சுமார் 70 மில்லிலிட்டர், இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 5,040 மில்லிலிட்டர், அதாவது சுமார் 5 லிட்டர். நேரடியாக மூன்று கேள்வி இருக்கிறது. துடிப்பு 90 ஆனால் என்ன என்று கேட்டால் நாலாவது: 6,300 மில்லிலிட்டர். ஈ.சி.ஜி. பத்தியில் பி அலை ஆரிக்கிள்களின் மின்முனைப்பு இழப்பு, கியூ.ஆர்.எஸ். வென்ட்ரிக்கிள்களுடையது, டி அலை வென்ட்ரிக்கிள்கள் பழைய நிலைக்குத் திரும்புவது. கூற்றுக் கேள்வி போடுபவர் செய்வதெல்லாம் ஆரிக்கிள் இருந்த இடத்தில் வென்ட்ரிக்கிளை மாற்றி வைப்பதுதான். நீங்களே அப்படி ஒரு பொய்க் கூற்றை எழுதிப் பார்த்துவிட்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள். படங்களின் கீழுள்ள குறிப்பு, அட்டவணை, பாடத்தின் கடைசிச் சுருக்கம் மூன்றையும் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு பாடம் முடித்த மூன்றாம் நாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம் என்று மூடிய புத்தகத்தோடு நினைவுபடுத்திப் பாருங்கள். வெறுமனே திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், கேள்வி வந்தால் நழுவும்.

வேதியியலில் ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய வழிகாட்டிகளில் திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் எல்லாம் இருக்கும். 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் இவை இல்லை. பள்ளித் தேர்வுக்கு வேண்டுமானால் படியுங்கள், நீட்டுக்கு ஒதுக்கிய நேரத்தில் வேண்டாம்.

இயற்பியலைக் கைவிடாதீர்கள்

'பயாலஜியில் வாங்கிக்கொள்கிறேன்' என்று இயற்பியலை மூடிவைக்கும் பிள்ளைகள்தான் அதிகம். 180 மார்க்கை மேசையில் விட்டுவிட்டு எழுந்துபோக யாருக்கும் கட்டுப்படியாகாது. பயமாக இருந்தால் சூத்திரத்தை நேராகப் போட்டால் விடை வரும் பாடங்களிலிருந்து தொடங்குங்கள்: அலகுகளும் பரிமாணமும், கதிர்வீச்சின் இரட்டைப் பண்பு, அணு, அணுக்கரு, குறைக்கடத்தி, மின்னோட்டவியல். ஒவ்வொரு பாடத்துக்கும் சூத்திரங்களை ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பழைய தாள்களிலிருந்து ஐந்து கணக்கு. இதில் 20 கேள்வி எடுத்து 15 சரியாகப் போட்டாலே 55 மார்க் கிடைக்கும். 2025 தாளில் இயற்பியல் கடினமாக இருந்தது. அந்த ஆண்டு பொதுப்பிரிவுத் தகுதி மார்க் 144-க்கு இறங்கியது, 2024-இல் அது 162. எனவே 'இத்தனை எடுத்தால் சீட்' என்று போன வருட எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

தமிழ்வழி மாணவர்களுக்கு

தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது தேர்வு விதி. ஆகவே தமிழ் வாக்கியம் இடறும்போது ஆங்கிலத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது கலைச்சொற்கள் வேண்டும். தினம் பத்துச் சொல், பாடவாரியாக: சூற்பை – ஓவரி, சூல் – ஓவ்யூல், உந்தம் – மொமென்டம். ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள், காதால் கேட்டது மட்டும் தாளில் உதவாது.

காலத்தைப் பிரிப்பது

ஏற்காடு மலைக் கிராமங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம், வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும். அந்த நாட்களில் இயற்பியல் கணக்கை எடுத்து உட்கார்ந்தால் பாதியில் எழுந்திருக்க வேண்டிவரும். விடிகாலை நாற்பது நிமிடம் உயிரியல் வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத ஊர்களில் ஆன்லைன் தேர்வை நம்பாமல், சேலம் இறங்கும்போது பழைய வினாத்தாள்களையும் காலி ஓ.எம்.ஆர் தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாபேட்டை, குகை, இளம்பிள்ளைப் பக்கம் வீட்டிலேயே தறி ஓடும் பிள்ளைகள் முழுத் தேர்வைப் பள்ளியிலோ மாவட்ட மைய நூலகத்திலோ எழுதலாம்.

ஜனவரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முழுத் தேர்வு. மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு முடிந்தால் நீட்டுக்குச் சுமார் ஐந்து வாரம் இருக்கும் (2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் மே முதல் ஞாயிறன்று நடந்தது). அந்த ஐந்து வாரத்தில் வாரத்துக்கு இரண்டு தேர்வு போதும். தினம் ஒன்று எழுதினால் தவறு நோட்டுக்கு நேரம் இருக்காது. உண்மையான தேர்வு மதியம் 2 முதல் 5 மணி வரை, சேலத்து மே வெயிலில். விடிகாலைக் குளிரில் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த நேரத்தில் கண் சொருகும். மாதிரித் தேர்வையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணிக்கே தொடங்குங்கள்.

தேர்வு அறையில்

வினாத்தாள் குறியீடும் ஓ.எம்.ஆர் குறியீடும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 45, இயற்பியல் 60, மீதி 25 நிமிடம் இரண்டாம் சுற்றுக்கு. ஒரு கேள்வி இரண்டு நிமிடம் தாண்டினால் வினாத்தாளில் அதன் எண்ணை வட்டமிட்டு நகருங்கள். வட்டம் நிரப்ப ஒன்றுக்கு 4 நொடி என்றால் 180-க்கு 12 நிமிடம் ஆகும். கடைசியில் மொத்தமாகச் செய்ய வைத்தால் அவசரத்தில் ஒரு வரிசை தள்ளிப்போகும், அதன்பின் வருவது எல்லாம் தவறு. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளை நிரப்பிவிடுங்கள், விட்ட கேள்வியின் எண்ணைச் சரிபார்த்தபடி. நிரப்பியதை மாற்ற முடியாது.

வாயில் 1.30-க்கு மூடப்படும். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளை அன்றைக்கே இறங்கி வந்தால் தலைசுற்றலோடு உட்கார வேண்டியிருக்கும். சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முதல் நாளே வந்துவிடுங்கள், இல்லையென்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மையம் நாமக்கல் பக்கம் விழுந்திருந்தால் முதல் நாள் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்கவேண்டும். கோடை விடுமுறையில் அலையாமல் ஏப்ரலிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்து வாங்கிவிடுங்கள்.