‘கோட் மை ஐ’: எங்கள் பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழைகள்

ஒன்றைத் தேடாமலே அது எங்கள் கவனத்தை இழுத்துவிட்டால், ஆங்கிலத்தில் ‘இட் கோட் மை ஐ’ என்பார்கள். தமிழில் ‘கண்ணில் பட்டது’ என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு மிகவும் உதவும் தொடர் இது. ஆனால் ஓரிடத்தில் தடுக்கினால் முழு வசனமும் குழம்பிவிடும்.

அந்த இடம் எழுவாய். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில், கண்ணாடிக்குள் இருந்த ஓர் அட்டியல் உங்களைக் கவர்ந்தது என்று வைப்போம். பார்த்தது நான்தானே என்று பிள்ளை ‘ஐ கோட் மை ஐ’ எனத் தொடங்கும். அது பிழை. கவனத்தை இழுத்தது அட்டியல். ஆகவே அதுதான் முன்னால் வர வேண்டும்: ‘எ நெக்லஸ் கோட் மை ஐ.’ பார்த்தவரை வைத்தே தொடங்க விரும்பினால் அதற்கு ‘கேட்ச் சைட் ஒஃப்’ இருக்கிறது. பஸ் ஸ்ராண்டில் மாமாவைக் கண்டால் ‘ஐ கோட் சைட் ஒஃப் மை அங்கிள்’ என்று தாராளமாக எழுதலாம். இந்த இரண்டையும் கலந்துவிடுவதுதான் நான் காணும் பிழைகளில் மோசமானது.

சரி, நல்லூரடி ஐஸ்கிறீம் கடையில் கூட்டம் நெரிகிறது; பரிமாறும் தம்பி உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போது ‘ஐ ட்ரைட் டு கேட்ச் த வெயிட்டர்ஸ் ஐ’ என்பது சரி. இங்கே ‘நான்’ என்னும் ‘ஐ’ எழுவாயாக வருகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. கவனிக்கப்பட வேண்டியவர் நீங்கள், கண் அவருடையது. அட்டியல் இருந்த இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

மற்றவை சின்னப் பிழைகள். கண் இரண்டென்றாலும் ஒருமையில் ‘ஐ’ என்றே எழுதுங்கள். ‘எவ்ரிவன்ஸ் ஐ’ என்னும்போதும் அப்படித்தான். இறந்தகாலம் ‘கோட்’, ‘கேட்ச்ட்’ அல்ல. ‘கண்ணில்’ என்பதிலுள்ள ‘இல்’லை நினைத்து நடுவில் ‘இன்’ போடவும் வேண்டாம். பிறகு, குழந்தைக்குக் கண் பட்டுவிட்டது என்று அம்மம்மா நாவூறு கழிப்பதை இந்தத் தொடரால் சொல்ல முடியாது; அதற்கு ‘ஈவில் ஐ’ என்று தனியாக இருக்கிறது.

‘சைக்கிளை ஒருக்காப் பாருங்கோ’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போகிறோமே, அது ‘கீப் அன் ஐ ஒன்’. கவனம் தானாக விழுவது வேறு, காவலாகப் பார்த்திருப்பது வேறு.

‘டேர்ன் எ பிளைண்ட் ஐ’ என்பதில் இன்னும் கவனம் தேவை. 1801இல் கொப்பன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கச் சொன்ன சமிக்ஞையை பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் பார்வையற்ற தன் வலக்கண்ணில் தொலைநோக்கியை வைத்துப் பார்த்து, தெரியவில்லை என்றாராம். இந்தத் தொடரை விளக்கும்போது வழக்கமாகச் சொல்லப்படும் கதை அது. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதே இதன் பொருள். கணக்கிலுள்ள பிழையை உண்மையாகவே காணாத ஒருவர், மேலதிகாரிக்கு மன்னிப்புக் கேட்டு ‘ஐ டேர்ன்ட் எ பிளைண்ட் ஐ’ என்று எழுதினால், வேண்டுமென்றே விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அங்கே ‘ஐ டிட் நொட் நோட்டிஸ் இட்’ என்று எழுதினால் போதும்.