புது ஃபோர் வீல் டிரைவ் வண்டி: முதல் சில மாதங்களில் தவிர்க்க வேண்டியவை

மஹிந்திரா தார், ஜிம்னி, கூர்க்கா என்று நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பலத்தைக் கொடுக்கக்கூடிய வண்டி ஏதோ ஒன்றை வாங்கிவிட்டு, "அண்ணே, வண்டி வந்தாச்சு, எங்கயாவது போலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே கூத்தைத்தான் அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். சீட் பெல்ட் போடு, ஆயில் பார் என்பதையெல்லாம் ஷோரூமிலேயே சொல்லியிருப்பார்கள். அங்கே சொல்லாமல் விடுவதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தார்ச்சாலையில் ஃபோர் ஹை

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது.

ஒரு தம்பி புது வண்டியோடு கொல்லிமலைக்கு வந்தான். காரவள்ளியில் ஏற்றம் தொடங்கியதும் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரை ஃபோர் ஹைக்கு, அதாவது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் நிலைக்குத் தள்ளிவிட்டான். கேட்டதற்கு, "மலை ஏறணுமேண்ணே, பவர் வேணும்ல?" என்றான். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு தாண்டுவதற்குள் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது, டயர் கீச்சிட ஆரம்பித்தது, முழுசாக ஒடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் வண்டி யாரோ பிடித்து இழுப்பது போலத் திணறியது. மேலே போய் நிறுத்திவிட்டு லீவரைப் பின்னால் இழுத்தால் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்து ஒரே இழு. 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நாள் கழித்து, வளைக்கும்போதெல்லாம் முன்பக்கம் 'கட கட' என்கிறது என்று போன் செய்தான். உள்ளே பிரித்துப் பார்த்த மெக்கானிக் சொன்ன தொகையில் நல்ல செட் டயரே வாங்கியிருக்கலாம்.

நடந்தது இதுதான். வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் அதற்கு உள்ளே சின்ன வட்டத்திலும் போகின்றன. அதனால் முன் சக்கரம் அதிக தூரம் உருண்டாக வேண்டும். பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ ஹையில் இன்ஜினின் பிடி முன் அச்சில் இல்லை என்பதால் சிக்கல் வராது. ஃபோர் ஹையில் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி டிரான்ஸ்ஃபர் கேஸ் (பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) பூட்டிவிடுகிறது. இடையில் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரென்ஷியல் இந்த வண்டிகளில் கிடையாது. சேற்றிலும் மணலிலும் டயர் லேசாக வழுக்கி வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஈரத் துணியைப் பிழிவது போல ஷாஃப்டிலும் ஜாயின்ட்டிலும் கியர் பல்லிலும் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். லீவர் வராமல் இறுகிப் போவதும் அந்த முறுக்கால்தான்.

அப்படி மாட்டிக்கொண்டால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக்கி, ரிவர்ஸில் கொஞ்ச தூரம் மெதுவாக வாருங்கள். முறுக்கு தளர்ந்ததும் ஒரு கையிலேயே லீவர் வந்துவிடும்.

"யூடியூபில் டிஃபெண்டர் எல்லா ரோட்டிலும் ஃபோர் வீல்லயே ஓடுதே?" என்று கேட்பார்கள். அது முழுநேர ஃபோர் வீல். அதில் நடு டிஃபரென்ஷியல் இருக்கிறது. நம்முடையது தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்வது. "மழை பெஞ்சா போடலாமா?" என்பது அடுத்த கேள்வி. நனைந்த தார்ச்சாலையிலும் டயருக்குப் பிடி இருக்கத்தான் செய்கிறது, கொண்டை ஊசி வளைவில் அப்போதும் இறுகும். பிரேக்குக்கும் இதனால் பெரிதாக லாபமில்லை. நான்கு சக்கரத்திலும் பிரேக் ஏற்கெனவே இருக்கிறதே. ஃபோர் ஹை இன்ஜினுக்குக் கூடுதல் பலம் எதையும் தருவதில்லை. இருக்கும் பலத்தை வழுக்கும் தரையில் நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இழுவை கூட வேண்டுமென்றால் அதற்கு ஃபோர் லோ, வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை. அதை வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும், அதுவும் மண்ணில்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஒரு டயர் கிழிந்தது என்று முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு தேய்ந்தது என்று மாட்டாதீர்கள். சுற்றளவு வேறுபட்டால், ஃபோர் ஹையில் நேராக ஓட்டினாலும் அதே முறுக்கு ஏறும்.

குட்டி லீவரை நியூட்ரலில் விட்டு இறங்குவது

இது உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரில் ஃபோர் ஹைக்கும் ஃபோர் லோவுக்கும் நடுவில் ஒரு நியூட்ரல் உண்டு. அதில் நின்றுவிட்டால் பெரிய கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும். முதல் கியரில் போட்டிருந்தாலும், ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிங்கில் வைத்திருந்தாலும் வண்டி உருளும். ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் தாங்கும். ஃபோர் லோவிலிருந்து மாற்றும்போது பாதியில் நின்றுவிடுவது சகஜம். அதனால் இறங்குவதற்கு முன் டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஹேண்ட்பிரேக் போடுங்கள். சரிவாக இருந்தால் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

காரை ஓட்டுவது போல ஓட்டுவது

ஸ்விஃப்டிலிருந்து இறங்கி இதில் ஏறுபவர்களுக்கு முதல் அதிர்ச்சி ரவுண்டானாவில் வரும். தாரின் அடிப்பகுதி தரையிலிருந்து 226 மி.மீ. உயரம், ஜிம்னியுடையது 210. அந்த உயரத்துக்கான விலையை வளைவில் கொடுத்தாக வேண்டும், உடம்பு சாயும். மூன்று கதவு தாரின் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி) 2450 மி.மீ.தான். குட்டையான வண்டி, பின்னால் ஒரே துண்டு அச்சு, அதனால் வேகத்தடையில் வேகமாக ஏறினால் பின்பக்கம் துள்ளும். முதல் சில வாரம் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துப் பழகுங்கள். ஜிம்னியின் ஸ்டீயரிங் கொஞ்சம் தளர்வாகத் தோன்றும். அது பழுதில்லை, சர்வீஸ் சென்டரில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

பூட்டிவிட்டோம் என்று நம்புவது

சாஃப்ட் டாப், அதாவது துணிக்கூரை வண்டி வாங்கியவர்கள் கவனிக்க: கதவைப் பூட்டுவது வெறும் சம்பிரதாயம். பிளேடு ஒன்று போதும், துணியைக் கிழித்துக் கையை விட்டுவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியக்கூடாது, லேப்டாப் பை மட்டுமல்ல, போன் சார்ஜர் ஒயர்கூட. கூரையைக் கழற்றிக்கொண்டு ஊர் சுற்றுபவர்கள் பையை எப்போதும் கூடவே எடுத்துப் போக வேண்டியதுதான். ஸ்டெப்னி பின்கதவில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. அதற்குத் தனிச் சாவியோடு வரும் லாக் நட் மாட்டுங்கள், அந்தச் சாவியை வண்டியிலேயே வையுங்கள். வீட்டில் விட்டுவிட்டு நடுக்காட்டில் பஞ்சர் ஆகி முழித்தவர்கள் உண்டு. ஜி.பி.எஸ். டிராக்கர் நல்லதுதான். ஆனால் ஒயரை வெட்டி ஒட்டும் கடையில் கொடுத்தால் வாரன்டியில் சிக்கல் வரும்.

உள்ளே இருக்கும் சாமானையும் கட்ட வேண்டும். ஜாக்கி, ஷேக்கிள் (இழுவைக் கயிறு மாட்டும் இரும்பு வளையம்), தண்ணீர் கேன் எல்லாம் பின்னால் சும்மா கிடந்தால், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது நேராக உங்கள் பிடரிக்குத்தான் வரும்.

தண்ணீரைப் பார்த்ததும் இறங்குவது

தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்று கணக்கு. அது நிற்கும் தண்ணீரில், ஊர்ந்து போனால். ஓடும் ஆற்றுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நடந்து பார்க்கத் துணியாத தண்ணீரில் வண்டியை விடாதீர்கள். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருக்காவிட்டால், அந்தச் செலவை இன்ஷூரன்ஸில் எதிர்பார்க்காதீர்கள்.

மணலுக்காக டயர் காற்றைக் குறைத்துவிட்டு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறுவது

கூடாது. ஒரு சின்ன கம்ப்ரஸர் வாங்கிக்கொள்ளுங்கள்.

புல் பார்

முன் பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு இது. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஏர்பேக் வேலை செய்வதையும் அது கெடுக்கும்.

அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது

வழக்கு வரும். வரவும் வேண்டும்.

சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்றை பம்பரில் கட்டுவது

சேஸிஸோடு சேர்ந்த கொக்கி முன்னும் பின்னும் இருக்கிறது, அங்கே மாட்டுங்கள். கயிறு அறுந்தால் என்ன வேகத்தில் வரும் என்று பார்த்தவன் சொல்கிறேன்: இழுக்கும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுக்கும் மச்சானை முதலில் தூரப் போகச் சொல்லுங்கள்.