மினி டிராக்டரின் டீசல் செலவை அளப்பதும் குறைப்பதும்

தென்னந்தோப்பு வைத்திருப்பவர் மினி டிராக்டர் வாங்க எண்ணியதும் அக்கம்பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும்?" என்பதாகவே இருக்கும். ஒருவர் ஒன்றரை லிட்டர் என்பார். இன்னொருவர் நான்கு லிட்டர் என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. முதலாமவர் தேங்காய் ஏற்றிய டிரைலரைத் தோப்புக்கும் களத்துக்கும் இழுத்த நாளை நினைத்துச் சொல்கிறார். இரண்டாமவர் இறுகிய மண்ணில், கத்திகளைச் சுழற்றி மண்ணைப் புரட்டும் ரோட்டவேட்டரை ஓட்டிய நாளை நினைத்துச் சொல்கிறார். ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு, ஏக்கருக்கு எத்தனை லிட்டர், நடைக்கு எத்தனை லிட்டர் என்று வேலைக்கணக்கில் அளந்தால்தான் அந்த எண் நமக்குப் பயன்படும்.

அளப்பதற்கு முன், நம் வண்டி அதிகபட்சம் எவ்வளவு எரிக்க முடியும் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. 24 குதிரைத்திறன் கொண்ட டிராக்டரில், இணைத்த கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு ஏறத்தாழ 20 குதிரைத்திறன், அதாவது 15 கிலோவாட் வந்து சேருகிறது என்று கொள்வோம். சிறிய டீசல் எஞ்சின்கள் முழுச் சுமையில் ஒரு கிலோவாட் மணி வேலைக்குப் பொதுவாக 250 முதல் 290 கிராம் வரை டீசலை எரிக்கின்றன. நடுவாக 270 கிராம் என்று எடுத்தால் மணிக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம் என்பதால், அது 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த வண்டிக்கு இதுவே உச்ச வரம்பு. தோட்டத்து அன்றாட வேலைகளில் எஞ்சின் பாதிச் சுமையில்தான் இருக்கும் என்பதால் 2 முதல் 3 லிட்டர் வரை செலவாகும். வெறுமனே நின்று ஓடும்போது அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை போகும். இப்படிப்பட்ட வண்டிக்கு நாள் முழுவதும் மணிக்கு 6 லிட்டர் என்று யாராவது கணக்குக் காட்டினால், எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் டீசல் கேன் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் மாடலுக்கு உரிய எண் வேண்டுமானால், மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையத்தின் சோதனை அறிக்கையைத் தேடிப் படிக்கலாம். கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் என்ற அளவு அதில் முழுச் சுமைக்கும் குறைந்த சுமைகளுக்கும் தனித்தனியாகத் தரப்பட்டிருக்கும். விற்பனையாளர் சொல்லும் லிட்டர் கணக்கைவிட இந்த அறிக்கையையே நான் நம்புவேன்.

அளக்கும் முறை

கருவி எதுவும் தேவையில்லை. ஒரு லிட்டர் அளவுக்குவளையும், கேனும், நோட்டுப் புத்தகமும் போதும். டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, டேங்கின் கழுத்தில் தெரியும் ஓர் அடையாளம் வரை டீசல் நிரப்ப வேண்டும். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே திசை நோக்கி நிறுத்தி, அதே அடையாளம் வரை எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று எழுத வேண்டும். அகலமான டேங்கில் வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றால்கூட 200 மில்லி வரை பிசகும். இரண்டு லிட்டர் செலவான வேலையில் 200 மில்லி பிசகினால் அது 10 சதவீதப் பிழை. எட்டு லிட்டர் செலவான வேலையிலோ இரண்டரை சதவீதம்தான். எனவே அரை மணி நேர வேலையை அளந்து முடிவுக்கு வராமல், ஒரே வகையான வேலையைக் குறைந்தது நான்கு மணி நேரமாவது செய்துவிட்டு அளக்க வேண்டும்.

நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதுங்கள். பழைய வண்டிகளில் உள்ள மணி மீட்டர் எஞ்சினின் சுழற்சியைக் கொண்டு ஓடுவதால், குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே உண்மையான மணியைக் காட்டும். மெதுவாக ஓடினால் மீட்டரும் பின்தங்கும். நோட்டில் தேதி, வேலை, இணைத்த கருவி, கியர், மண்ணின் ஈரம், முடித்த பரப்பு, ஊற்றிய லிட்டர் ஆகியவை இருந்தால் போதும். ஈரத்தை எழுதாமல் விட்ட கணக்கை அடுத்த பருவத்தோடு ஒப்பிட முடியாது.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. குறைந்த கியரில் ஒருவர் ரோட்டவேட்டர் ஓட்டுகிறார், மணிக்கு 2.8 லிட்டர் செலவாகிறது, ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது என்று கொள்வோம். இன்னொருவர் ஒரு கியர் கூட்டி ஓட்டுகிறார், மணிக்கு 3.4 லிட்டர், ஆனால் ஏக்கர் 1.4 மணி நேரத்தில் முடிகிறது. மணிக்கணக்கில் முதலாமவரே சிக்கனக்காரர். ஏக்கர் கணக்கில் அவருக்கு 5.6 லிட்டர், இவருக்கு 4.8 லிட்டர். ஓட்டுநருக்கு மணிக்கூலி கொடுப்பவருக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

கியரும் ஆக்ஸிலரேட்டரும்

டிரைலர் இழுப்பது, மருந்து தெளிக்கும் தொட்டியைக் கொண்டுபோவது, ஈர மண்ணில் கொத்துக் கலப்பையை மேலோட்டமாக ஓட்டுவது போன்ற இலகுவான வேலைகளில், உயர்ந்த கியரில் போட்டு எஞ்சின் வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, வேலை கொஞ்சமே இருந்தாலும், பிஸ்டன் உராய்வுக்கும் காற்றாடிக்கும் பம்புகளுக்கும் உரிய டீசல் வீணாகிக்கொண்டே இருக்கும். அதே வேலையை நிமிடத்துக்கு 2,400 சுழற்சியில் செய்வதற்குப் பதில் 1,700 சுழற்சியில் செய்தால் அந்த வீண் செலவு கணிசமாகக் குறையும். ஆனால் எல்லை மீறி எஞ்சினைத் திணறவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். எஞ்சின் உடனே வேகம் எடுத்தால் சரியான கியரில் இருக்கிறது. கரும்புகை தள்ளிவிட்டு வேகம் எடுக்கத் தயங்கினால் ஒரு கியர் குறைக்க வேண்டும்.

பி.டி.ஓ. வேலையில் இந்த உரிமை நமக்கு முழுமையாக இல்லை. மட்டை அரைக்கும் இயந்திரமும் ரோட்டவேட்டரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்வதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. சில மாடல்களில் சிக்கன பி.டி.ஓ. என்றொரு நிலை இருக்கிறது. அதில் குறைந்த எஞ்சின் வேகத்திலேயே 540 சுழற்சி கிடைத்துவிடும். மருந்துத் தெளிப்பு போன்ற சிறு சுமைகளுக்கு அது நன்றாக உதவும், கடின உழவுக்கு உதவாது. நீர் இறைக்கும் வேலையைப் பற்றி ஒரு வரி போதும்: விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் கிடைக்கும் தமிழ்நாட்டில், மின்சாரம் நின்றுபோன நாளைத் தவிர வேறு எப்போதும் டிராக்டரைக் கொண்டு நீர் இறைக்க வேண்டாம்.

ரோட்டவேட்டரில் போகும் டீசல்

தோப்பில் ஆண்டு முழுவதும் செலவாகும் டீசலில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது ரோட்டவேட்டர்தான் என்பதால், இதில் பொறுமையாகக் கவனம் செலுத்தினால் பலன் உண்டு. களையை அழிப்பது மட்டுமே நோக்கம் என்றால் இரண்டு மூன்று அங்குல ஆழம் போதும். அதற்கு மேல் போகும் ஒவ்வோர் அங்குலமும் கூடுதல் மண்ணைப் புரட்டுவதோடு தென்னையின் மேல்வேர்களையும் அறுக்கிறது. பின்புறத் தகட்டை முழுவதும் இறக்கிவிட்டால் மண் மாவாக அரைபடும். பார்வைக்கு அழகாக இருக்கும், டீசலும் அதற்கேற்பப் போகும். தோப்புக்கு நாற்றங்கால் மண் தேவையில்லை, தகட்டைச் சற்று உயர்த்தியே ஓட்டலாம். தேய்ந்துபோன கத்திகளை மாற்றாமல் ஓட்டினால், ஒருமுறை உழ வேண்டிய இடத்தை இருமுறை உழ நேரிடும்.

கருவியின் அகலத்தை விலை பார்த்து வாங்குகிறோம், வரிசை பார்த்து வாங்குவதில்லை. தென்னைக்கு 25 அடி இடைவெளி. மரத்தடியில் 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி. இருபுறமும் பாத்தியை விட்டால் நடுவில் உழ வேண்டியது 13 அடி, அதாவது ஏறத்தாழ 4 மீட்டர். 1.2 மீட்டர் ரோட்டவேட்டர் மூன்று நடையில் 3.6 மீட்டரைத்தான் முடிக்கும்; மிச்சமிருக்கும் ஒரு முழத்துக்கும் குறைவான பட்டைக்காக நான்காவது நடை போக வேண்டும். 1.4 மீட்டர் கருவி மூன்றே நடையில் முடித்துவிடும். டிராக்டருக்கு அதை இழுக்கும் திறன் இருக்கிறது என்று கையேடு சொன்னால், நான்கில் ஒரு நடை மிச்சம். நீளவாக்கில் ஓட்டித் திரும்பும் இடங்களைக் குறைப்பதும் இதே கணக்கில் சேரும்.

மண்ணின் பதம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். பாசனம் செய்து, பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில் ஓட்டினால் ஏக்கருக்கு ஆகும் செலவும், காய்ந்து இறுகிய பின் ஓட்டினால் ஆகும் செலவும் வேறு வண்டிகளின் கணக்கைப் போல இருக்கும்.

சக்கரம் வழுக்குவதை அறிய

கலப்பை இழுக்கும்போது பின்சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்பதைச் சுண்ணாம்புக் கட்டியால் கண்டுபிடிக்கலாம். டயரில் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற எத்தனை மீட்டர் போகிறது என்று அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்று. முதலில் 30 மீட்டரும் அடுத்து 24 மீட்டரும் வந்தால், 6 மீட்டருக்கு உரிய டீசல் மண்ணைச் சுரண்டியே போயிருக்கிறது. அது 20 சதவீத வழுக்கல். 10 முதல் 15 சதவீதம் வரை இயல்பானது. அதற்கு மேல் போனால் காற்றழுத்தத்தைக் கையேட்டில் உழவுக்குச் சொன்ன அளவுக்குக் குறைக்கலாம், நான்கு சக்கர இயக்கத்தைப் போடலாம், அதன் பிறகும் போதாவிட்டால் எடைக்கட்டிகளைச் சேர்க்கலாம். ரோட்டவேட்டர் ஓட்டும் நாளில் எடைக்கட்டி தேவையில்லை, ஏனெனில் அதன் கத்திகளே வண்டியை முன்னே தள்ளுகின்றன. சாலையில் டிரைலர் இழுக்கும்போது காற்றைக் கூட்டி, நான்கு சக்கர இயக்கத்தை எடுத்துவிட வேண்டும்.

நின்றபடி எரியும் டீசல்

தேங்காய் ஏற்றும்போதும், டீ குடிக்கும்போதும், வழியில் யாராவது நிறுத்திப் பேசும்போதும் டிராக்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. நாளுக்கு முக்கால் மணி நேரம் இப்படி நின்றால், மணிக்கு 0.7 லிட்டர் வீதம் மாதம் 25 நாளுக்கு 13 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால் மாதம் சுமார் 1,200 ரூபாய். ஓட்டுநரைக் கடிந்துகொள்வதற்கு முன் அவர் ஏன் அணைப்பதில்லை என்று கேட்டுப் பாருங்கள். "அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பேட்டரி தளர்ந்திருக்கும், அல்லது முனைகளில் பச்சைப் படிவு ஏறியிருக்கும். புதிய பேட்டரியின் விலையை இந்த வீண் டீசல் ஓராண்டுக்குள் எடுத்துவிடும்.

செலவு திடீரென்று கூடினால்

நோட்டில் அதே வேலைக்கு வழக்கமாக வரும் எண்ணைவிட 15 சதவீதம் கூடுதலாக இரண்டு முறை வந்தால் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். புழுதியடைத்த காற்று வடிகட்டி முதல் சந்தேகத்துக்குரியது. கோடையில் தோப்பு உழுதால் அதை நாள்தோறும் பார்க்க வேண்டும். அடுத்து, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரத்தின் உட்புறத்தை வேலை முடிந்ததும் கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தகித்தால் அங்கேதான் பிடிப்பு. பிறகு டீசல் குழாய் இணைப்புகளில் கசிவு, அதன் பின் டீசல் வடிகட்டி. இவையெல்லாம் சரியாக இருந்தும் கரும்புகை நிற்கவில்லை என்றால்தான் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாஸிலைக் கழற்றி, அழுத்தச் சோதனைக் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். "டீசல் பம்பைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் இழுவை கூடும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடுவது டீசலும் புகையும் எஞ்சின் சூடும்தான். பழுதுபார்த்து வந்த வண்டியை அதே தோப்பில், அதே பதத்தில், அதே கியரில் நான்கு மணி நேரம் ஓட்டி மறுபடி டேங்கை நிரப்புங்கள். நோட்டில் இருக்கும் பழைய எண்ணுக்குத் திரும்பியிருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது, இல்லையென்றால் வண்டியைப் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுபோகலாம்.