டெங் யாபிங்கைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயரம் குறைவான பிள்ளை டேபிள் டென்னிஸ் பேட்டைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் சீன வீராங்கனை டெங் யாபிங் கதையை ஆரம்பித்துவிடுவார். குள்ளம் என்று ஒதுக்கினார்கள், விடாமல் உழைத்தார், உலகச் சாம்பியன் ஆனார், கதை முடிந்தது. இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இந்த மூன்று வரியோடு நிறுத்திக்கொள்வதால் அவர் எப்படி ஆடினார், யாரிடம் தோற்றார், யாரோடு சேர்ந்து ஜெயித்தார் என்பதெல்லாம் காணாமல் போகிறது. போதாக்குறைக்கு வாய்க்கு வாய் கடந்து வரும்போது வருடமும் பதக்கமும் வேறு மாறிவிடுகின்றன. அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்ப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அடிக்கடி கண்ணில் படும் தவறுகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயர். சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும், நமக்கு இனிஷியல் முன்னால் வருவது போல. டெங் குடும்பப் பெயர், யாபிங்தான் அவருக்கு வைத்த பெயர். அப்புறம், சீனத் தலைவர் டெங் சியாவோபிங்குக்கு இவர் உறவா என்று கேட்கிறார்கள். இல்லை. அவர் சிச்சுவான் மாநிலத்துக்காரர், இவர் 1973இல் ஹெனான் மாநிலத்தின் ஜெங்ஜோ நகரத்தில் பிறந்தவர்.

அடுத்தது, "சீன அரசு சின்ன வயதிலேயே கண்டுபிடித்து வளர்த்தது" என்கிற பேச்சு. சீனாவில் யார் ஜெயித்தாலும் இந்த ஒரே வரியை எடுத்து ஒட்டிவிடுகிறோம். யாபிங் விஷயத்தில் நடந்தது கிட்டத்தட்ட நேர்மாறு. ஐந்து வயதில் பேட்டைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அப்பா, அவரே ஒரு டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர். ஹெனான் மாநில அணிக்குப் போனபோது, இந்த உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜெங்ஜோ நகர அணிதான் சேர்த்துக்கொண்டது. 13 வயதில் தேசிய அளவில் பட்டம் ஜெயித்த பிறகும் தேசிய அணி தயங்கியது, காரணம் அதே உயரம்தான். பயிற்சியாளர் ஜாங் சியேலின் அவர் பக்கம் நின்று பேசினார், 1988இல் உள்ளே வந்தார். ஒரு பயிற்சியாளர் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாபிங் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

சரி, உயரத்துக்கு வருவோம். "உயரக் குறைவை மன உறுதியால் வென்றார்" என்று எழுதுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தரும் தவறு. மன உறுதி இருந்தது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் பந்தை மேசையில் போடுவது கையும் காலும்தானே. டேபிள் டென்னிஸ் மேசையின் அகலம் 152.5 செ.மீ. யாபிங்கின் உயரம் சுமார் 150 செ.மீ. மேசைக்குக் குறுக்கே படுத்தால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்தை எட்டமாட்டார், அவ்வளவுதான் அவர் உயரம். இப்படி இருக்கும் ஒருவர் மேசையை விட்டு நாலு அடி பின்னால் போய் நின்றால், இரண்டு பக்கமும் விரிந்து வரும் பந்துகளுக்குக் கை போதாது. அதனால் மேசையை ஒட்டியே நின்றார், பந்து துள்ளி மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே, அது விலகிப் போவதற்கு முன்னால் அடித்தார். கிட்டே நிற்பதால் பந்து விரிந்து போக இடமில்லை, அடித்த பந்து சீக்கிரம் திரும்பிப் போவதால் எதிராளிக்கு நிதானிக்க நேரமும் இல்லை. அதே அளவு நேரம் தனக்கும் இல்லை என்பதுதான் இந்த ஆட்டத்தின் ஆபத்து. அவருடைய கால்களைப் பார்த்தால் இதற்கு என்ன பதில் வைத்திருந்தார் என்பது புரியும், ஒரு அடி அடித்து முடிப்பதற்குள் அடுத்த பந்துக்கான இடத்தில் நின்றுகொண்டிருப்பார். உயரமான ஒருவரின் ஆட்டத்தை அவர் எட்டிப் பிடிக்க முயலவே இல்லை. தன் உடம்புக்கு எது பொருந்துமோ அதை உருவாக்கிக்கொண்டார்.

இதோடு சேர்ந்தது அவருடைய பேட். வலது கை, ஷேக்ஹேண்ட் பிடி (கைகுலுக்குவது போலப் பேட்டைப் பிடிப்பது), ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை) பக்கம் வழவழப்பான ரப்பர், பேக்ஹேண்ட் (புறங்கை) பக்கம் லாங் பிம்பிள்ஸ் என்ற நீளக் காம்பு ரப்பர். லாங் பிம்பிள்ஸ் என்றாலே பின்னால் தள்ளி நின்று வெட்டி வெட்டித் திருப்பிப்போடும் தற்காப்பு ஆட்டக்காரர்தான் என்று முடிவு கட்டுவது பெரிய தவறு, யாபிங் அதைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தினார். அந்த ரப்பரின் மேல்பக்கம் முழுக்க மெலிந்த நீளமான காம்புகள் நிற்கும், பந்து பட்டதும் அவை வளையும், அதனால் பந்தில் ஏற்கெனவே இருக்கும் சுழற்சி பெரிதாக மாறாது. எதிராளி டாப்ஸ்பின் போட்டு (முன்னோக்கிச் சுழலவிட்டு) அனுப்பிய பந்து, போகும் திசை மட்டும் திரும்புவதால், அவருக்கே பேக்ஸ்பின்னாக (பின்னோக்கிச் சுழல்வதாக) வந்து நிற்கும். வழக்கம்போல அடித்தால் வலையில் விழும், பயந்து தூக்கிப்போட்டால் மெதுவாக, உயரமாக வரும். அந்த உயரமான பந்துக்காகத்தான் யாபிங்கின் ஃபோர்ஹேண்ட் காத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டதும் "அப்படியென்றால் ரப்பரை வைத்து ஏமாற்றித்தானே ஜெயித்தார்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். இது அநியாயம். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் கருப்பு என்ற விதி 1986இலேயே வந்துவிட்டது. யாபிங் தேசிய அணிக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிராளிக்குக் கண்ணால் தெரியும், தெரிந்தும் சமாளிக்க முடியவில்லை. நம் மணிகா பத்ராவும் பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் வைத்து ஆடுகிறவர்தான், அவரைப் பற்றியும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

இனி, தோற்கவே இல்லை என்கிற கட்டுக்கதை. 1990 முதல் 1997 வரை உலகத் தரவரிசையில் முதலிடம் என்பதைப் படித்துவிட்டு, எட்டு வருடம் யாரும் அவரை அசைக்கவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். 1991இல் ஜப்பானின் சிபா நகரத்தில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வட கொரியாவும் தென் கொரியாவும் முதல் தடவையாக ஒரே அணியாக, வெள்ளைத் துணியில் நீல நிறத்தில் தீபகற்பம் வரைந்த கொடியோடு வந்த போட்டி அது. பெண்கள் அணிப் பிரிவில் சீனா 1975 முதல் தொடர்ந்து எட்டுத் தடவை ஜெயித்திருந்தது, இறுதி ஆட்டத்தில் இந்தக் கொரிய அணியைச் சந்தித்தது. முதல் ஆட்டத்திலேயே யாபிங்கை வீழ்த்தியவர் யூ சுன்-போக் என்ற வட கொரியப் பெண். கடைசியில் 3-2 என்ற கணக்கில் சீனா தோற்றது. அடுத்த சில நாட்களில் அதே சிபாவில், ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் அதே கொரிய அணியின் ரி புன்-ஹுயியை வென்று யாபிங் முதல் முறையாக உலக ஒற்றையர் பட்டத்தை எடுத்தார். தோல்வியை மறைத்துவிட்டு அந்தப் பட்டத்தை மட்டும் சொன்னால், அதன் கனம் கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வருடம் கழித்து 1993இல், ஸ்வீடனின் கோதன்பர்க்கில், நடப்புச் சாம்பியனாகப் போய் ஆரம்பச் சுற்றிலேயே சிங்கப்பூரின் ஜிங் ஜுன்ஹோங்கிடம் தோற்று வெளியேறினார். 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தோற்றது ஜப்பானுக்காக ஆடிய கொயாமா சிரேவிடம். அவர் யார் தெரியுமா? முன்னாள் சீன வீராங்கனை ஹே ஜிலி. 1987இல் நம் டெல்லியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், சக வீராங்கனைக்கு விட்டுக்கொடு என்று பயிற்சியாளர்கள் சொன்னதைக் கேட்காமல் ஆடி ஜெயித்துப் பட்டம் வாங்கியவர், அடுத்த வருடம் சியோல் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காமல் பின்னர் ஜப்பானுக்குப் போனவர். அவரிடம் தோற்றது சீனாவில் எவ்வளவு பெரிய விஷயமாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1995இல் தியான்ஜின் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கத்தையும் யாபிங் அள்ளினார் என்பதை இந்த இரண்டு தோல்விகளுக்கும் அடுத்ததாக வைத்துப் படிக்க வேண்டும்.

சியாவ் ஹாங்கை விட்டுவிடுவது இன்னொரு தவறு, இதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. யாபிங்கை விட நான்கு வயது மூத்தவர், இரட்டையரில் அவருடைய ஜோடி. 1989இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இருவரும் சேர்ந்து இரட்டையர் தங்கம் வாங்கியபோது யாபிங்குக்கு 16 வயது. அந்த வருடம் ஒற்றையர் பட்டத்தையும் யாபிங் பெயரில் எழுதிவிடுகிறார்கள், அதை ஜெயித்தவர் சியாவ் ஹாங். பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இரட்டையர் தங்கம் இருவருக்கும் சேர்த்துத்தான். பார்சிலோனா ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் யாபிங்குக்கு எதிரே நின்றவரும் அவரே, தியான்ஜின் இறுதி ஆட்டத்திலும் அவரே. பாதி வெற்றிக்குத் தோள் கொடுத்தவர், மீதியில் எதிரே நின்றவர். அவர் பெயரைச் சொல்லாமல் யாபிங்கின் கதையை எப்படிச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை.

பதக்கக் கணக்கு. உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது தங்கம்: ஒற்றையரில் 1991, 1995, 1997, இரட்டையரில் 1989, 1995, 1997 (கடைசியாகச் சொன்னது யாங் யிங்கோடு), அணியில் 1993, 1995, 1997. 18 உலகப் பட்டங்கள் என்று சொல்லப்படுவது ஒலிம்பிக்கையும் உலகக் கோப்பைகளையும் சேர்த்த எண்ணிக்கை. 18 முறை உலகச் சாம்பியன்ஷிப்பை வென்றார் என்று அதைத் திருப்பி எழுதக் கூடாது.

ஒலிம்பிக் தங்கம் நான்கு. வாங் நான், ஜாங் யினிங், சென் மெங் ஆகியோரும் நான்கு வைத்திருக்கிறார்களே, எல்லாரும் சமம்தானே என்று கேட்பார்கள். அணிப் பிரிவு ஒலிம்பிக்குக்கு வந்ததே 2008இல். யாபிங் காலத்தில் பெண்களுக்கு இருந்தவை ஒற்றையர், இரட்டையர் என்று இரண்டே பிரிவுகள். அவர் ஆடிய ஒலிம்பிக்குகள் இரண்டு. அதாவது வாங்க முடிந்த நான்கையும் வாங்கிவிட்டார், மிச்சம் வைக்கவில்லை. மற்றவர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, காலத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். ஆட்டமே அப்போது வேறு. பந்து 38 மி.மீ., ஒரு கேம் 21 பாயிண்ட், ஐந்து ஐந்து சர்வீஸாக மாறும். 40 மி.மீ. பந்து 2000இல் வந்தது, 11 பாயிண்ட் முறை 2001இல் வந்தது. யாபிங் ஓய்வு பெற்றது 1997இல், 24 வயதில்.

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையில் ஒரு சின்னத் திருத்தம். கேம்பிரிட்ஜில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் என்று எழுதுகிறார்கள், அவர் படித்த துறை நிலப் பொருளாதாரம், பட்டம் 2008இல். அதற்கு முன் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகம், பிறகு நாட்டிங்ஹாம், மொத்தம் 11 வருடப் படிப்பு. சிங்ஹுவாவில் சேர்ந்தபோது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் தன்னால் முழுதாக எழுத முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே சமயம், பிறகு அவர் தலைமை ஏற்ற பீப்பிள்ஸ் டெய்லி நாளிதழின் தேடுபொறி சந்தையில் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவருடைய ஆட்டத்தை ஒரே ஒரு முறை பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 1996 அட்லாண்டா ஒற்றையர் இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். எதிரே சென் ஜிங், 1988இல் சீனாவுக்காக ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு, இந்த ஆட்டத்தில் சீன தைபே (தைவான்) அணிக்காக ஆடியவர். முதல் இரண்டு கேமும் யாபிங்குக்கு, 21-14, 21-17. அதைத் தாண்டி ஓட்டிவிட்டு மூன்றாவது கேமிலிருந்தே பார்க்கலாம். அது 20-22 என்று கைநழுவுகிறது, நான்காவது 17-21. ஆட்டம் சமம். ஐந்தாவது கேம் 21-5.