வேடமாகாமல் ஒரு நாவல் சாயல்

பிடித்த நாவலின் சாயலில் அன்றாடம் உடுத்த ஆசையா? முழு உடையையும் நகலெடுக்காதீர்கள், மேடை வேடமாகிவிடும். ஒரு நிறம், ஓர் அணிகலன் போதும்.

1847இல் வெளிவந்த ‘ஜேன் ஐர்’ நாவலில் ஜேனின் நல்ல உடை வெள்ளிச் சாம்பல் நிறம். அவளுடைய ஒரே அணிகலன் முத்து ப்ரூச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி. மணமகனாக வரப்போகிறவர் பளிச்சென்ற பட்டு வாங்கித் தர முனையும்போதும், கறுப்பையும் முத்துச் சாம்பலையுமே அவள் கேட்டுப் பெறுகிறாள். எவ்வளவு அழகான பிடிவாதம்! சாம்பல் நிறச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தோரம் சிறு முத்து ப்ரூச்: அலுவலகத்துக்கே அணிந்து போகலாம்.

டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ நாவலில் நாயகி அன்னா நடன விருந்துக்கு வருவது கறுப்பு வெல்வெட்டில், கழுத்தில் முத்துடன். பகலில் வெல்வெட் கனக்கும். கறுப்புப் பருத்தியே மேல். முதலில் உடையை வருணிக்கும் பத்தியைத் திரும்ப வாசியுங்கள், பிறகு அலமாரியைத் திறங்கள்.